ஒன்பதாம் நாள் மூன்று

இஞ்ஞாசிமுத்து தன் மகனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு வேன் படியில். காலை ஏழே கால் மணி. வெள்ளை வேன், பக்கவாட்டில் நீலப் பட்டை, பட்டைக்கு மேலே பயிற்சி மையத்தின் பெயர். ரெமி தலைக்குக் குளித்து, வகிடு எடுத்து, கறுப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது காலைப் படியில் வைத்து, இடது காலைத் தரையிலேயே விட்டு நின்றான். இருபத்தேழு வயது ஆள், அவரைவிட அரையடி உயரம். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான், போடாவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. ஏறுவதற்கு முன் பாதி திரும்பி ஏதோ சொன்னான். அவரும் ஏதோ சொன்னார். டிரைவர் சிரித்தார். கதவு மூடியது, வேன் மாவு மில்லைத் தாண்டித் திரும்பியது, அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக இந்தக் காலையை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த ‘ஏதோ’ வந்ததும், தண்டவாள இணைப்பில் சக்கரம் குதித்துப் போவதுபோல ஒரு குதி குதித்து, அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். இப்போதும் குதித்தார்.

இன்று அந்தக் காலையை நினைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. எதிரே சுவரில் ரெமி வந்துவிட்டான். முகம் இல்லை, பெயர் இல்லை, ஒரு கோடு. குளிரூட்டிய வகுப்பறை, மூன்று வரிசையில் இருபத்தாறு பேர், எல்லாம் இருபத்திரண்டு இருபத்து நாலு வயசுப் பிள்ளைகள். ஆட்டிசம் உள்ளவர்களோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு இந்தக் கல்லூரியில் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு. பெற்றோர் சங்கத்தில் சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து நிமிஷம் பேச அவரை அழைத்திருந்தார்கள். ரயில்வேயில் இருந்த ஆள், பதினொன்றுக்கே வந்து நின்றார். வகுப்பு எடுக்கும் டாக்டர் நளாயினி, முப்பத்தைந்து வயதிருக்கும், வாசலுக்கே வந்து, “வெயில்ல ஏங்கய்யா நிக்கறீங்க, உள்ள ஏசில உட்காருங்க, என் கிளாஸ் முடிஞ்சதும் நீங்கதான்” என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தாள். நல்ல பெண். தண்ணீர் பாட்டில்கூடத் திறந்து கொடுத்தாள். சட்டைப் பையில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் வரி ‘பெரியோர்களே’ என்று வரும், கடைசி வரி ‘நன்றி’ என்று முடியும், நடுவில் பொறுமை, அன்பு, சமூகம். பதினொன்று இருபதுக்கு அந்தக் கோடு திரையில் விழுந்தது. மேலே தலைப்பு: திட்டமிட்ட புறக்கணிப்பு, ஒரு வெற்றிகரமான நேர்வு. கீழே சின்ன எழுத்தில்: நபர் ஆர், ஆண், 27. சூழலுக்குப் பொருந்தாத பேச்சு: ‘படி’. அவர் முதலில் எண்களைத்தான் பார்த்தார். நாற்பத்தொன்று, நாற்பத்து நாலு, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, முப்பது, இருபத்திரண்டு, பதினாலு, ஒன்பது, மூன்று. ஜெபமாலை உருட்டுவதுபோல ஒன்பது வருஷம் உருட்டிய எண்கள். தப்பவே முடியாது. பத்தாவதாக ஒரு எண் இருக்கிறதா என்று கண் தேடியது. முட்டாள் கண். எங்கிருந்து இருக்கும்?

“முதல் மூணு நாள் பாருங்க, ஏறுது,” என்றாள் நளாயினி, லேசர் பேனாவின் சிவப்புப் புள்ளியைக் கோட்டின் உச்சியில் ஆட்டிக்கொண்டே. “நாம கண்டுக்காம விட்டா நடத்தை உடனே குறையாது. கூடும். அப்பத்தான் வீட்ல உள்ளவங்க பயந்துபோய் விட்டுக்கொடுத்துடுவாங்க. அதுக்குப் பேரு எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட். விளக்கு அணையறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓங்கி எரியும் இல்லையா, அதே மாதிரி. இங்க தெரப்பிஸ்ட் தாக்குப் பிடிச்சு நின்னாங்க. ரிசல்ட் பாருங்க.” சிவப்புப் புள்ளி சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இறங்கி மூன்றில் போய் நின்றது. விளக்கு. எரிந்த விளக்கு அவன். ஐம்பத்திரண்டு தடவை ஓங்கி எரிந்தான். தாக்குப் பிடித்தார்களாம். யார் தாக்குப் பிடித்தது? கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களா? நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தவர்களா? அந்தத் தாள்களின் நகல் அவர் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் விரல் வைத்து எண்ணியிருக்கிறார். மூன்றாம் நாள் தாளில் ஒரு கட்டில் குறுக்குக் கோடு தாளைக் கிழித்திருக்கும், அவ்வளவு அழுத்தி இழுத்திருக்கிறார்கள். எரிச்சலாக இருந்திருக்கும் பாவம். ஒரே சொல்லைக் காலையிலிருந்து கேட்டுக் கேட்டு. பொன்மலை பணிமனையில் அவர் ஃபிட்டராக இருந்தபோது இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங்கில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், “சத்தம் நின்னுபோச்சுண்ணே, சரியாயிடுச்சு” என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். போர்மேன் அவன் பிடறியில் ஒன்று வைத்தார். உள்ளே துண்டாகி விழுந்தால்தான்டா நிற்கும். பத்தாங்கிளாஸ் தாண்டாத போர்மேன். இவர்களுக்கு யார் வைப்பது?

பக்கத்து இருக்கையில் தலையில் முக்காடு போட்ட பெண், குறிப்பேட்டில் ‘ரிஸ்வானா’ என்று எழுதியிருந்தது, கோட்டை அளவுகோல் வைத்து அழகாக வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த பையன் திரும்பி, “இந்த மேடம் டெஸ்ட் வைக்கிறதை நாம திட்டமிட்டுப் புறக்கணிச்சா குறையுமா?” என்றான். அவள், “முதல்ல கூடும்டா பாரி, அப்புறம் நீ அணைஞ்சுடுவ” என்றாள். இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரிஸ்வானா சட்டென்று அவரைப் பார்த்து, “சாரி ஐயா” என்று ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். வாயில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார், தாள் நொறுங்கும் சத்தம் வந்தது. இந்தப் பிள்ளைகள் மீது கோபப்பட என்ன இருக்கிறது? வரைகிறார்கள். வரைந்து, பரீட்சையில் எழுதி, பட்டம் வாங்கி, ஆளுக்கு ஓர் அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் உட்காருவார்கள். இருபத்தாறு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரேயும் ஒருவன் நிற்பான், கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு. வருஷா வருஷம் இருபத்தாறு. கோபம் என்னைப் பேச விடு என்றது, அதோடு கூடவே அந்தப் பயமும் வந்தது. நான் எழுந்து சொன்னால், இவர்களில் யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள். படித்த பிள்ளைகள்.

படி. அதற்குள் அத்தனை அர்த்தம் இருப்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. ஏறுகிற படி, வாசிக்கச் சொல்கிற படி, அரிசி அளக்கிற படி, நகல் எடுத்தாலும் ஒரு படி. ரெமிக்கு எதுவும் இல்லை. ரெமிக்கு ஆறு வயது, டவுன் பஸ்ஸில் கூட்டம், மனைவி பிலோமினா அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறுவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார், கை நழுவி பிள்ளை படியில் முகம் மோத விழுந்தான். தாடை பிளந்தது, ஐந்து தையல். விழுந்த நொடியில் கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார், “படியில நிக்காதே! படியில நிக்காதே!” அதுவரை அம்மா அப்பா என்றுகூடச் சொல்லாத பிள்ளை. அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில், சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது தெளிவாகச் சொன்னான், படியில நிக்காதே. திரும்பத் திரும்பச் சொன்னான். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது, வெளியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுந்தார். பிலோமினா அவன் தலையை மடியில் சாய்த்துக் காதுக்குள் பார்த்தாள், சீழ் கோத்திருந்தது. “ஏங்க, இவன் பஸ்ஸைச் சொல்லலீங்க,” என்றாள், பூசை என்றும் பாராமல் சத்தமாக. “வலிக்குதுன்னு சொல்றான். வலிச்ச அன்னைக்கு எந்தச் சத்தம் கேட்டானோ அதைச் சொல்றான். ஊர்ல உள்ள இன்ஜினுக்கெல்லாம் காது கொடுத்துக் கேக்கறீங்களே, பெத்த பிள்ளைக்கு ஒரு காது கொடுத்தா என்ன குறைஞ்சு போவீங்க?” அன்றைக்கு அவருக்கு ஆத்திரம் வந்தது, இவள் என்னவோ பெரிய டாக்டர் மாதிரி. பிறகு பார்த்தால் பல் வலிக்கும் அதே சொல், காலில் முள் குத்தினாலும் அதே சொல். சின்ன வலிக்குப் ‘படி’ என்று மட்டும் வரும். தாங்காத வலிக்கு முழுசாக வரும். அவர் ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய புத்தகக் கடையில் கிடைத்ததெல்லாம் வாங்கி, பணிமனைச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தார், ஆறு ஏழு வருஷம். எந்தப் புத்தகமும் அவளைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டு அவள் கண்ணை மூடிய வருஷம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது இரண்டு காரியம். கரண்ட் பில் அட்டை அரிசி டப்பா மேலே இருக்கு. அவன் படின்னு சொன்னா உடனே கவனிங்க.

அதைத்தான் எழுதினார். அதே வார்த்தை. அங்கேதான் சனியன் பிடித்தது. அவள் போய்ப் பதினாலு மாசம், அவருக்கு முட்டி தேய்ந்து மாடி ஏற முடியவில்லை, சங்கத்தில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி, உங்களுக்கு அப்புறம் யாரு? அந்தக் கேள்விதான் அவனைப் புதுக்கோட்டை சாலையில் இருந்த அந்த மையத்தில் கொண்டுபோய் விட்டது. பத்து நாள் தங்கிப் பரிசோதனை, அதற்குப் பிறகு சுயமாக வாழப் பயிற்சி. மையத்தில் இதே மாதிரி முதுநிலை படிக்கும் பிள்ளைகள்தான் வேலை பழகினார்கள். பதினொரு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பொருளுள்ள பேச்சு உண்டா, ஆம், இல்லை. ஆம் என்று குறியிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “சார், நீங்க அப்பா, உங்களுக்கு அப்படித் தோணும்” என்று அதை அடித்து இல்லை என்பதில் குறியிட்டார். சரி என்று, பக்க ஓரத்தில் இருந்த இடத்தில் பொடி எழுத்தில் இவரே எழுதினார்: ‘படி’ என்று சொன்னால் உடனே கவனிக்கவும். வீட்டில் அது போதும். அவள் இருந்தவரை வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் தெரியும். மையத்தில் படிவத்தை ஆங்கிலத்தில் மாற்றி எழுதினார்கள். யார் மாற்றியதோ, எந்த அவசரத்திலோ. பிற்பாடு கையில் கிடைத்த ஆங்கிலக் கோப்பில் அந்த வரி எப்படி இருந்தது என்பதை அவர் அகராதி இல்லாமலே வாசித்தார்: படிக்கச் சொன்னால் கவனத்தை ஈர்க்க முயல்வார். ஒரு அப்பன் கெஞ்சியது ஒரு குற்றச்சாட்டாக மாறிவிட்டது. கவனி என்றதற்குப் பதில் கவனிக்காதே. அதற்கு மேல் எல்லாம் முறைப்படி நடந்தது. படி என்றானா, பாடத்தைத் தட்டிக்கழிக்கிறான், முகத்தைப் பார்க்காதே, அட்டைகளை அடுக்கச் சொல், கோடு போடு. படி என்றானா, கோடு போடு. ஆனால் கவனிக்கவும் என்று ஏன் எழுதினாய், இஞ்ஞாசி? வலி என்று எழுத வேண்டியதுதானே? இரண்டு எழுத்து. வ, லி. ஓரத்தில் இடம் இருந்தது. நகலை எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் இருக்கிறது, விரற்கடை அகலத்துக்கு வெறும் வெள்ளை.

தினம் மாலை ஆறு மணிக்கு மையத்துக்கு போன் பண்ணினார். பார்க்க வரக்கூடாது, டேட்டா கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவன் முகம் பட்டால் டேட்டா கெட்டுப்போகும், பால் திரிவதுபோல. ஐந்தாம் நாள் ஒரு பெண் குரல், “நல்லா செட்டில் ஆயிட்டார் சார், அமைதியா இருக்கார்.” எட்டாம் நாள் அதே குரல், இன்னும் சந்தோஷமாக, “ரொம்ப அமைதி சார், சாப்பாடுகூட வேணாம்னு தள்ளி வெச்சுட்டு அவர் பாட்டுக்குப் படுத்துக்கறார், அடம் இல்லை.” அமைதி. கல்லறையில்கூட அதைத்தான் எழுதுகிறார்கள். இவர் போனை வைத்துவிட்டு மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏற்றினாரே! நன்றி தாயே, பிள்ளை ஒரு வழிக்கு வந்துவிட்டான் என்று. ஒன்பதாம் நாள் பிற்பகல் உடம்பு சில்லிட்டு வேர்த்துப்போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். குடல்வால் வெடித்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர், “இவ்வளவு நாள் எப்படிங்க சொல்லாம இருந்தார்?” சொல்லாமல் இருந்தானாம். இருநூற்று அறுபத்திரண்டு தடவை சொல்லியிருக்கிறான். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தாள் இருக்கிறது.

“முழு வாக்கியமா ஏதாவது சொன்னாரா மேடம், இல்ல வெறும் படிதானா?” என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள். நளாயினி குறிப்பைப் பார்த்து, “இல்ல, பெரும்பாலும் ஒத்தைச் சொல்தான். மூணாம் நாள் மட்டும் நீளமா ஏதோ, புரியலைன்னு பதிவு பண்ணியிருக்காங்க” என்றாள். ஏதோ. அவளும் ஏதோ என்றுதான் சொன்னாள். இஞ்ஞாசிமுத்துவுக்கு இருக்கை சூடானது. இந்தத் தடவை சக்கரம் குதிக்கவில்லை, இணைப்பிலேயே இறங்கி நின்றுவிட்டது. வேன் படி. வலது கால் மேலே, இடது கால் கீழே. பாதி திரும்பி அவர் கண்ணைப் பார்க்காமல், தோளைப் பார்த்து, முழுசாகச் சொன்னான், படியில நிக்காதே. நின்றது படியில். அதனால் அவருக்கு என்ன தோன்றியது? பிள்ளை தேறிவிட்டான் என்று தோன்றியது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக இடத்துக்கு ஏற்ற மாதிரிப் பேசுகிறான் என்று நெஞ்சு பூரித்தது. டிரைவரைப் பார்த்து, “பாத்தீங்களாண்ணே, எவ்வளவு கரெக்டா சொல்றான், படியில நிக்கக்கூடாதாம்” என்று சிரித்தார். “ஏறு ராஜா, ஏறு,” என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். தள்ளினார். அந்த முதுகின் சூடு கையில் இருக்கிறது, காய்ச்சல் சூடு, அப்போதே இருந்திருக்கிறது, குளித்த சூடு என்று நினைத்தார். பிற்பாடு விசாரணை என்று ஒன்று நடந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு ஓர் அதிகாரி, “வீட்டை விட்டுக் கிளம்பறப்போ உடம்பு சரியா இருந்ததா? வலின்னு ஏதாவது காட்டினாரா?” என்றார். “இல்லீங்க, நல்லாத்தான் இருந்தான்” என்றார் இவர். வாய் தானாகச் சொன்னது. அதை எழுதிக்கொண்டார்கள். அறிகுறி எதுவும் இல்லை என்று தந்தையே கூறியுள்ளார். அந்த ஒரு வரியில் கேஸ் முடிந்தது. மையம் தப்பித்தது, அப்பனும் தப்பித்தான். இருவரும் சேர்ந்து அவனைப் புதைத்துவிட்டு வந்தார்கள். அந்தப் பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் ஒன்பது வருஷமாக அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார், வீட்டுச் சுவரைப் பார்த்து. அந்தப் பொய் இல்லாவிட்டால் இந்தக் கோடு இங்கே வந்திருக்குமா? தப்பு என்று எங்காவது எழுதப்பட்டிருந்தால், வெற்றி என்று யார் எழுதுவார்கள்?

“இப்ப நம்ம ஐயா, ஒரு பெற்றோர்ங்கிற முறையில தன்னோட அனுபவத்தைப் பகிர்ந்துக்குவாங்க,” என்றாள் நளாயினி. கைதட்டினார்கள். அவர் எழுந்து முன்னால் போனார், முட்டி ஒவ்வொரு அடிக்கும் முனகியது. மூன்று பக்கத்தை எடுக்கவில்லை. “அம்மா, அந்தக் கடைசிப் படத்தைத் திரும்பப் போடுங்க.” அவள் போட்டாள், புரியாமல் சிரித்துக்கொண்டே. அவர் ரிஸ்வானாவைப் பார்த்தார். “பாப்பா, அளவுகோல் வெச்சு வரைஞ்சியே, ஒன்பதாம் நாள் எவ்வளவு?”

“மூணு ஐயா.”

“பத்தாம் நாள்?”

அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். “டேட்டா இல்லீங்க ஐயா.”

“டிஸ்சார்ஜ் ஆயிருப்பார்” என்றான் பாரி. லேசாகச் சிரிப்பு வந்தது.

“ஆமா தம்பி. ஆயிட்டான். பத்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். என் பையன். பேரு ரெமிஜியுஸ். நீங்க ஆர்னு போட்டிருக்கீங்க.”

நளாயினியின் பேனாவிலிருந்து வந்த சிவப்புப் புள்ளி சுவரில் எங்கெங்கோ ஓடி, கூரையில் போய் நின்றது. “ஐயா, எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. நான் ஸ்டூடண்டா இருந்தப்பவே எங்க மேடம் இதைத்தான் நடத்தினாங்க. நான்... அதையே...” பாவம் என்று ஒரு நொடி தோன்றியது, அந்தப் பாவத்தைக் காலால் ஒதுக்கினார். சொன்னார். பஸ், தாடை, ஐந்து தையல். பூசை, காது, பிலோமினா. படிவத்தின் ஓரம், கவனிக்கவும் என்ற சொல், அது என்னவாக மாறியது என்பது. குரலை உயர்த்தவில்லை, பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது. கூடும்போது வலி கூடியது, குறையும்போது உயிர் குறைந்தது, நீங்கள் வரைந்துகொண்டிருந்தது அதைத்தான் என்றார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்து என்று சொல்லத் தோன்றியது.

கண்ணாடி போட்ட ஒருவன் எழுந்தான். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒரே சொல்லை நாள் முழுக்கச் சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தர் சொல்லுக்கும் உள்ள ஒரு கதை இருக்குன்னு நாங்க தேடிட்டே இருக்க முடியுமா? ஒரு ஆள் முப்பது பேரைப் பார்க்கணும்.”

“தேட வேணாம்ப்பா. கதையெல்லாம் தேட வேணாம். சட்டையைத் தூக்கி வயித்தைத் தொட்டுப் பாருங்க. சாப்பாட்டைத் தள்ளி வெச்சா நெத்தியில கை வைங்க. அதுக்கு ரெண்டு வருஷப் படிப்பு வேணாம். கை இருந்தாப் போதும்.”

அவன் உட்கார்ந்தான். அவ்வளவுதான், இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. அப்போது ரிஸ்வானா கையைத் தூக்கினாள். பாதி தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கினாள். அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஐயா... அவரை நீங்க அனுப்பி வெச்ச அன்னைக்கு, வீட்லயே அந்தச் சொல்லைச் சொன்னாரா?”

இல்லீங்க, நல்லாத்தான் இருந்தான். சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது, ஒன்பது வருஷமாகப் பழகிய சொல். இந்தப் பெண் எழுதிக்கொள்வாள், வகுப்பு எழுதிக்கொள்ளும், அவருக்குக் கைதட்டி அனுப்பி வைப்பார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னான். முழுசாச் சொன்னான். படியில நின்னுக்கிட்டுச் சொன்னதால, சரியாப் பேசிட்டான்னு நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே தள்ளி ஏத்தி விட்டேன். விசாரணையில கேட்டாங்க, அதெல்லாம் இல்லைன்னு பொய் சொன்னேன். எழுதிக்க பாப்பா. அவங்க தப்போட இதையும் சேர்த்து எழுதிக்க. எங்க ரெண்டு பேர் பேரையும் எழுது.”

அவள் எழுதவில்லை. யாரும் எழுதவில்லை. நளாயினி மேசைக்குப் போய், குனிந்து எதையோ அழுத்தினாள். நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். கோடு போய், அந்த இடத்தில் ‘வினாக்கள்’ என்று ஒரு பூப்படம் வந்தது. “எடுத்துட்டேங்கய்யா. இனிமே என் கிளாஸ்ல இது வராது,” என்றாள், கண் சிவந்திருந்தது. அவர் தலையாட்டினார். ஏதாவது இறங்கியிருக்க வேண்டும் நெஞ்சிலிருந்து. இறங்கவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே, அப்படியே, இருந்தது.

“மேடம்,” என்றான் பாரி, சிரிப்பு சுத்தமாக வடிந்த முகத்தோடு, ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி. “இதுல இருக்கே?”

நளாயினி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அது பாடக்குழு அச்சடித்தது, எல்லாக் கல்லூரிக்கும் அதுதான், இந்த வருஷம்தான் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, நான் கடிதம் எழுதுகிறேன், ஆனால் அடுத்த திருத்தம் வர நாலு வருஷம் ஆகும் என்றாள். இஞ்ஞாசிமுத்து பையனிடமிருந்து புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஆறாம் அலகு, நூற்றுப் பதினெட்டாம் பக்கம், படம் மூன்று. நல்ல தாள், தெளிவான அச்சு.